பக்கத்து வீட்டுக்காரர் வரும் நேரம்

பனி உருகிப் புல் தலைகாட்டியதும் யாக்குகளை ஓட்டிக்கொண்டு நாங்கள் மேலே ஏறிவிடுவோம். ஆற்றங்கரையில் இருக்கும் குளிர்கால வீட்டைப் பூட்ட மாட்டோம். கதவை முழுக்கத் திறந்து, சுவரில் அடித்திருக்கும் முளையோடு யாக் மயிர்க் கயிற்றால் கட்டிவிட்டுத்தான் போவோம். உள்ளே தின்பதற்கு ஒரு பிடி மாவுகூட இருக்காது. அடுப்பு, கட்டில், ஒரு பழைய அலமாரி, அவ்வளவுதான்.

திருடன் வரமாட்டானா என்று யூஷூ நகரத்துக் கடைக்காரர்கள் கேட்பார்கள். திருடன் வருவதில்லை. வருகிறவர் வேறு. அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது எங்கள் வீட்டில் வழக்கமில்லை, கூப்பிட்டால் வந்து நிற்பார் என்று பயம். பக்கத்து வீட்டுக்காரர் என்போம். பழுப்புக் கரடி. எழுந்து நின்றால் என் புருஷன் குங்காவைவிட ஒரு முழம் அதிகம். பொழுது சாய்கிற நேரத்தில் மலையிலிருந்து இறங்குவார், திறந்த கதவு வழியாக உள்ளே போவார், மூக்கை விட்டுத் துழாவுவார், ஒன்றும் தேறாது என்று தெரிந்ததும் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்த வழியே போய்விடுவார். கதவு மூடியிருந்தால் மட்டும் அவருக்குச் சந்தேகம் வந்துவிடும். மூடி வைத்தால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். அதற்குப் பிறகு மரியாதையெல்லாம் கிடையாது. ஜன்னலோ சுவரோ, எது முதலில் பெயர்கிறதோ அதுதான் வாசல்.

என் அக்கா புருஷன் ராப்ஜே தன்னைப் பெரிய புத்திசாலி என்று நினைத்துக்கொண்டிருந்தவர். நகரத்திலிருந்து இரும்புப் பூட்டு வாங்கிவந்து பூட்டினார். முதல் கோடையில் ஜன்னல் போயிற்று. அடுத்த கோடையில் பின்சுவர் போயிற்று. போகிற போக்கில் அவருடைய மெத்தைமேல் பேண்டுவிட்டும் போயிருந்தார் பக்கத்து வீட்டுக்காரர். பள்ளத்தாக்கே சிரித்தது. அதற்கடுத்த கோடையில் சேணம் எடுக்கப் போன ராப்ஜே, மலையிலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் இறங்கி வருவதைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை. ராப்ஜேவுக்கு இப்போது ஒரு கண்தான். ஒரு பக்கம் கன்னம் என்று சொல்ல ஒன்றும் இல்லை. குழந்தைகள் பார்த்தால் அழும் என்று எந்தத் திருவிழாவுக்கும் வருவதில்லை.

இதெல்லாம் எங்கள் பக்கத்தில் பால் மறக்காத பிள்ளைக்கும் தெரியும். ரென் ஷூவுக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ரென் ஷூ சோங்சிங் நகரத்துப் பெண். முப்பது வயதிருக்கும். எங்கள் ஸாச்சு ஆறு பிறக்கிற இடத்திலிருந்து அதன் கூடவே நடந்து வருகிறாளாம், தன்னந்தனியாக. முதுகில் அவளைவிடப் பெரிய மூட்டை. மேலே ஒரு சிவப்பு மழைக்கோட்டு, ஒரு மலை தாண்டிப் பார்த்தாலும் கண்ணைக் குத்தும். கூடாரத்தை நோக்கி அவள் கையை ஆட்டிக்கொண்டு வந்தபோது எங்கள் நாய் மார்போ சங்கிலியை அறுத்துக்கொண்டு பாய்ந்தான். கன்றுக்குட்டி உயரம் இருப்பான். அவள் மூட்டையைப் போட்டுவிட்டு ஓடத் திரும்பினாள்.

"ஓடாதே! உக்காரு!" என்று கத்தினேன். பதற்றத்தில் என் பாஷையிலேயே கத்திவிட்டேன். அவளுக்கு என்ன புரியும்? உள்ளங்கையைக் கீழே அழுத்தி அழுத்திக் காட்டிக்கொண்டு, நானும் நின்ற இடத்திலேயே சாவகாசமாக உட்கார்ந்தேன். அவள் என்னைப் பார்த்தாள், நாயைப் பார்த்தாள், பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள். மார்போ போய் அவள் தலையை முகர்ந்தான், மூட்டையின்மேல் காலைத் தூக்கினான், வேலை முடிந்தது என்று திரும்பி வந்துவிட்டான்.

எனக்குச் சந்தையில் பேரம் பேசுகிற அளவுக்குச் சீனம் வரும். அதை வைத்துக்கொண்டுதான் எங்கள் பேச்செல்லாம்.

"நாய் பாயுது, இந்தம்மா உக்காரச் சொல்லுதே, பைத்தியம் போலன்னு நெனச்சேன்க்கா," என்றாள், தேநீர்க் கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. 

"அப்ப எதுக்கு உக்காந்தே?"

"நீங்க பயப்படல. அதான்."

வெண்ணெய்த் தேநீரைக் கண்ணை இறுக மூடிக்கொண்டு, மருந்து மாதிரி குடித்தாள். குங்கா தன் அம்மாவை யூஷூ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருந்ததால் நான் தனியாகத்தான் இருந்தேன். பேச்சுத் துணைக்கு இருக்கட்டும் என்று இரண்டு நாள் தங்கவைத்தேன். பால் கறக்கிறேன் என்று வந்து யாக்கிடம் உதை வாங்கினாள். பனிச்சிறுத்தை பார்க்கவேண்டும் என்றாள். எதிர்ப்பாறையில் படுத்திருந்ததை பைனாகுலரில் காட்டினேன். எங்கேக்கா, கல்லுதானே இருக்கு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அந்தக் கல் வாலைத் தூக்கிக்கொண்டு எழுந்து நடந்ததும் ஓவென்று அழுதுவிட்டாள். ஆட்டுக்குட்டிகளைத் தின்கிற ஒன்றைப் பார்த்து எதற்கு அழுகை என்று எனக்குப் புரியவில்லை.

"இங்க ஒத்தையா இருக்கீங்களே, பயமே இல்லையாக்கா?"

"ஒத்தையாவா? எழுபது யாக்கும் ஒரு நாயும் கூட இருக்கு. நீதாண்டி ஒத்தை."

அவள் சிரிக்கவில்லை. "எங்க வீடு பத்தொன்பதாவது மாடி. கதவுக்கு மூணு பூட்டு. மூணையும் போட்டுட்டுப் படுத்தாலும் தூக்கம் வராது. எழுந்திரிச்சு எழுந்திரிச்சுப் போய் இழுத்துப் பார்ப்பேன்."

"பத்தொன்பதாவது மாடிக்கு எவன் வரப்போறான்?"

"யாரும் வரமாட்டாங்க."

"பின்ன என்ன பயம்?"

"அது தெரிஞ்சா நான் ஏன்க்கா ஆத்தோட நடக்கப்போறேன்?"

மூன்றாம் நாள் காலையில் கிளம்பினாள். காலையில்தான் ஸாச்சுவைக் கடக்கலாம். வெயில் ஏற ஏற மேலே பனி உருகும், மத்தியானத்துக்கு மேல் ஆறு வேறு ஆறாகிவிடும். என் சாம்பல் குதிரையில் அவளை ஏற்றிக்கொண்டு போய் அக்கரையில் இறக்கினேன். மடி நிறைய உலர்ந்த இறைச்சியும் பாலாடைக்கட்டியும் கொடுத்தேன். எங்கள் குளிர்கால வீடு கொஞ்ச தூரத்தில் தெரிந்தது.

"மழை பிடிச்சா உள்ள போய் உக்காந்துக்கோ. அடுப்புப் பக்கத்துல வறட்டி இருக்கும். அடுப்பைத் தாண்டாதே. தீயில இறைச்சியைப் போடாதே. ஊத்துத் தண்ணியில கால் கழுவாதே," என்று ஒன்றுவிடாமல் புத்தி சொன்னேன். தெய்வத்துக்குக் கோபம் வருகிற விஷயமெல்லாம் ஞாபகம் வந்தது. கதவை மூடாதே என்று சொல்லத் தோன்றவே இல்லை. சோற்றை வாயில் போட்டுக்கொள் என்று யாராவது சொல்வார்களா?

மத்தியானம் ஆலங்கட்டி மழை பிடித்துக்கொண்டது. அடங்கியதும் ஒரு கன்றைக் காணவில்லை. தேடிக்கொண்டு குதிரையில் மேட்டுக்கு ஏறினேன். அங்கிருந்து பார்த்தால் ஆறும் அக்கரையும் எங்கள் வீடும் நன்றாகத் தெரியும். பைனாகுலரை எடுத்துச் சும்மா பார்த்தேன். புகைபோக்கியில் புகை. அடடே, கெட்டிக்காரிதான், வறட்டி மூட்டத் தெரிந்திருக்கிறதே என்று சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்புறம்தான் வீட்டின் முகம் ஏதோ மாதிரி இருக்கிறதே என்று பட்டது. வெள்ளைச் சுவரில் கறுப்பாக வாசல் தெரியவேண்டும். தெரியவில்லை. கதவு மூடியிருந்தது.

மூடிய கதவு, உள்ளே நான் கொடுத்த இறைச்சி, அடுப்பில் அது வேகிற வாசனை, அதற்கு மேல் ஒரு பெண்பிள்ளை. பைனாகுலரை வீட்டுக்குப் பின்னால் சரிவில் ஏற்றினேன். கும்பிடாத தெய்வமில்லை, பக்கத்து வீட்டுக்காரர் அங்கே இருக்கக்கூடாது, இன்றைக்கு மட்டும் வேறு பக்கம் போயிருக்கட்டும் என்று வாய்விட்டே வேண்டினேன். இருந்தார். சரிவின் பாதியில் எலி வளையைத் தோண்டிக்கொண்டிருந்தார். மண் பறந்தது. தோண்டுவதை நிறுத்திவிட்டு மூக்கைத் தூக்கி, புகை வருகிற திசையில் ஆட்டினார்.

மேட்டில் மட்டும்தான் போனுக்கு உயிர் வரும். அவள் எண்ணைப் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறாள் என்று ஒரு பெண் குரல் பணிவாகச் சொல்லிற்று. அந்தக் குரலை அறையவேண்டும் போலிருந்தது.

குதிரையை விரட்டிக்கொண்டு கரைக்கு வந்தால், காலையில் முழங்கால் அளவு இருந்த இடத்தில் ஆறு சேற்று நிறத்தில் புரண்டு ஓடிக்கொண்டிருந்தது. அடியில் கற்கள் உருள்கிற சத்தம் வேறு. குதிரையை இறக்கினேன். மார்பளவு தண்ணீர் வந்ததும் அது பல்லைக் காட்டித் திரும்பி, என்னையும் சேர்த்துக் கரையில் கொண்டுவந்து போட்டது. இரண்டாவது முறை எவ்வளவு அடித்தும் இறங்கவில்லை. நான் அதைத் திட்டாத திட்டில்லை.

"ரென் ஷூ! கதவைத் திற! திறடி!" என்று தொண்டை கிழியக் கத்தினேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

இடுப்பிலிருந்த கவணை அவிழ்த்துக் கல்லை வைத்துச் சுழற்றினேன். அந்த அவசரத்தில் குறி எங்கே இருக்கும்? முதல் கல் ஆற்றில் விழுந்தது, அடுத்தது கூரையில். மூன்றாவது கல் கதவில் போய் மோதியது. ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்ததும் சிரித்து, கையை ஆட்டினாள். தேநீருக்குக் கூப்பிடுகிற மாதிரி ஒரு சிரிப்பு.

மலையைக் காட்டினேன். அந்த ஜன்னலிலிருந்து பின்பக்கம் தெரியாது. தலையை நீட்டிப் பார்த்தாள். அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர் சரிவில் இறங்கி வீட்டின் மூலைக்கு நேராக வந்திருந்தார். அவள் முகம் சட்டென்று மறைந்தது. கொஞ்ச நேரத்தில் கதவு உள்பக்கமிருந்து ஒருமுறை அதிர்ந்தது. அலமாரியை இழுத்துக் கதவுக்கு முட்டுக் கொடுக்கிறாள் என்று தெரிந்தது. ராப்ஜேவும் இப்படித்தான் உள்ளே போய் அடைத்துக்கொண்டார்.

என் இடுப்புப் பையில் பட்டாசுக் கட்டு இருந்தது. பக்கத்து வீட்டுக்காரரை விரட்ட எல்லோரும் வைத்திருப்பதுதான். ஆனால் ஆறு தாண்டி அதன் சத்தம் அவருக்கு எவ்வளவு கேட்கும்? கேட்டாலும் எந்தப் பக்கம் ஓடுவார்? அவளை ஓடிவரச் சொல்லலாம் என்றால், ஓடுவதை அவர் துரத்துவார், ஓடினால் முன்னால் இந்த ஆறு. திறந்த வீடுதான் ஒரே வழி. ஒன்றுமில்லை என்று அவரே பார்த்துவிட்டுப் போனால்தான் உண்டு. அதை நான் அவளுக்கு ஆற்றுக்கு இந்தப் பக்கமிருந்து எப்படிச் சொல்வேன்?

அவள் மறுபடி ஜன்னலுக்கு வந்தாள். இப்போது வாய் திறந்திருந்தது, அழுகிறாளா கத்துகிறாளா தெரியவில்லை. மடியிலிருந்த பாலாடைக்கட்டிப் பையை எடுத்து உயர்த்திக் காட்டினேன். அதைத் தூர வீசினேன். இரண்டு கைகளையும் சேர்த்து, கதவு திறக்கிற மாதிரி விரித்தேன். மறுபடி வீசுகிற மாதிரி, மறுபடி விரிக்கிற மாதிரி. அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். ஆட்டிக்கொண்டே இருந்தாள். அவள் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் ஆட்டியிருப்பேன். கரடி வருகிறது கதவைத் திற என்று ஒருத்தி சொன்னால் எவள் திறப்பாள்?

நான் கரையில் குதித்துக்கொண்டும் மார்பில் அடித்துக்கொண்டும் இருந்தேன். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் என் கையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எவ்வளவு பயந்து போயிருக்கிறேன் என்பதைத்தான் அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நீங்க பயப்படல, அதான் உக்காந்தேன் என்று சொன்னவள் அவள்.

உட்கார்ந்தேன். கால்கள் மடங்க மறுத்தன, ஒவ்வொன்றாக மடக்கி உட்கார்ந்தேன். உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினேன், அன்றைக்கு நாய் பாய்ந்தபோது காட்டியதுபோலவே. அப்புறம் அங்கிக்குள்ளிருந்து என் மரக்கிண்ணத்தை எடுத்தேன். பார்லி மாவுப் பையை அவிழ்த்தேன். ஆற்றிலிருந்து ஒரு கை தண்ணீர் அள்ளி மாவில் விட்டு, வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி பிசைந்தேன். பிசைந்து ஒரு உருண்டையை வாயில் போட்டு மென்றேன். மென்றுகொண்டே இன்னொரு கையால், அட, திறடி கழுதை, அதற்கு என்ன இவ்வளவு யோசனை என்பதுபோல விசிறினேன். உட்கார்ந்த இடம் நனைந்திருந்தது. அது ஆற்றுத் தண்ணீர் இல்லை என்பது எனக்குத் தெரியும். மாவு தொண்டையில் இறங்கவில்லை. இருந்தாலும் மென்றேன்.

அவள் தலையை ஆட்டுவதை நிறுத்தினாள். ஜன்னலிலிருந்து போனாள்.

கதவு திறந்தது.

இறைச்சிப் பையோடு வெளியே வந்து வீசினாள். நகரத்துப் பெண்ணின் வீச்சு, பத்தடி தாண்டவில்லை. சுவர் மூலையில் பழுப்புத் தலை தெரிந்தது. அவள் அதைப் பார்த்தாள். ஒரு நொடி அப்படியே நின்றாள். நான் உள்ளங்கையைக் கீழே அழுத்தினேன். பின்வாங்கி உள்ளே போனாள். நல்லவேளை, கதவை இழுத்துச் சாத்தவில்லை.

பக்கத்து வீட்டுக்காரர் பையைக் கிழித்து எல்லாவற்றையும் தின்றார். நன்றாக, நிதானமாக, நக்கித் தின்றார். அதோடு போய்விடுவார் என்று நம்பினேன். அடுப்பில் என்ன கொதித்துக்கொண்டிருந்ததோ, தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார். தோள் இரண்டும் நிலையில் உரச, உள்ளே போனார்.

அதற்குப் பிறகு அந்தக் கறுப்பு வாசலில் ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் என்று கேட்காதீர்கள். ஓம் மணி பத்மே ஹூம் என்று மந்திரத்தை ஆரம்பித்தேன், முதல் எழுத்துக்கு மேல் வரவில்லை. என் கை தானாகப் பட்டாசுக் கட்டுக்குப் போயிற்று. திரியைக்கூடப் பிரித்துவிட்டேன். இப்போது வெடித்தால் உள்ளே மிரளுவார். மிரண்டால் எதிரில் கிடைத்ததை அடிப்பார். எதிரில் அவள். பட்டாசை அப்படியே ஆற்றில் எறிந்தேன், இல்லாவிட்டால் என் கை சும்மா இருந்திருக்காது. ஒன்றும் செய்யாமல் இருப்பதுபோல ஒரு தண்டனை இந்த உலகத்தில் இல்லை.

உள்ளே ஏதோ கவிழ்ந்தது. கவிழ்ந்த சத்தம் ஆற்றைத் தாண்டி எனக்குக் கேட்டதா, நான் நினைத்துக்கொண்டேனா, தெரியாது.

வெளியே வந்தார். வாயில் சிவப்பாக ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

முற்றத்தில் உட்கார்ந்து அதைக் காலால் மிதித்துக்கொண்டு கிழித்தார். சிவப்பு இங்கும் அங்கும் பறந்தது. என் கையிலிருந்த கிண்ணம் உருண்டு தண்ணீரில் விழுந்ததைக்கூட நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், எடுக்கவில்லை. பைனாகுலர் கழுத்தில்தான் தொங்கியது. அதைக் கண்ணில் வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. நான்தான் திறக்கச் சொன்னேன். பயமில்லாதவள் மாதிரி மாவைத் தின்று காட்டி, நான்தான் அவளைத் திறக்கவைத்தேன்.

மிச்சச் சிவப்பை வாயில் கவ்விக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர் சரிவில் ஏறி மறைந்தார். வாசலில் யாரும் வரவில்லை. ஜன்னலில் யாரும் வரவில்லை.

குதிரையை மேலே வளைவுக்கு ஓட்டிப்போனேன். அங்கே ஆறு அகலம் குறைவு, ஆழம் அதிகம், அடியில் பாறை. புத்தியுள்ளவர்கள் அங்கே இறங்கமாட்டார்கள். குதிரையின் மேல் உட்காராமல் அதன் வாலைக் கையில் சுற்றிக்கொண்டு தள்ளினேன். இந்த முறை ஏனோ இறங்கிற்று. குளிர் மூச்சை நிறுத்தியது. ஒரு இடத்தில் தலைக்குமேல் தண்ணீர் போயிற்று. கால் பாறையில் இடித்து, அந்த வலிதான் எனக்கு உயிரிருக்கிறது என்று சொன்னது. வாலை மட்டும் விடவில்லை. பிணத்தை எடுத்து வைக்கவாவது ஒரு ஆள் வேண்டுமே என்ற நினைப்போடுதான் அக்கரை ஏறினேன்.

முற்றத்தில் சிவப்புத் துண்டுகள் கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்தேன். துணி. வெறும் துணி. மழைக்கோட்டின் கையில் ஒரு பாதி. அப்படியே தரையில் உட்கார்ந்து அந்தத் துணியை மோந்து பார்த்தேன். ரத்த வாடை இல்லை. கரடி எச்சில் நாறியது. அதைவிட நல்ல வாசனையை நான் இதுவரை மோந்ததில்லை.

"ரென் ஷூ!"

கூப்பிட்டுக்கொண்டே உள்ளே போனேன். பானை கவிழ்ந்து, கஞ்சி தரையெல்லாம் நக்கப்பட்டிருந்தது. கட்டில் புரண்டு கிடந்தது. அலமாரி ஒரு பக்கம். ஆளைக் காணவில்லை. அப்போது எனக்குப் பின்னால், திறந்த கதவுக்கும் சுவருக்கும் நடுவில், யாரோ மூச்சு விடுகிற சத்தம் கேட்டது.

கதவை இழுத்தேன். வரவில்லை. அந்தப் பக்கமிருந்து அவள் பிடித்துக்கொண்டிருந்தாள். கயிற்றை இரண்டு கையிலும் சுற்றி, கதவைத் தன்மேல் இழுத்துவைத்துக்கொண்டு, சுவரோடு சுவராக நின்றாள். கண் திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன்.

"போயிடுச்சா?"

"போயாச்சு. போயாச்சுடி."

"பலகைக்கு அந்தப் பக்கம்தான்க்கா நின்னுச்சு. மோந்துச்சு. என் மூஞ்சிக்கு நேரா. மூச்சு இடுக்கு வழியா என் மேல பட்டுச்சு." அதைச் சொல்லிவிட்டுத்தான் நடுங்க ஆரம்பித்தாள். பல் கிட்டிப்போகும் அளவுக்கு நடுங்கினாள்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பயம் போகிற வழியில் கோபமாகத்தான் போகும் எனக்கு. "எந்த முண்டம்டி கதவை மூடுவா? கட்டி வச்சிருக்கே, கண்ணு அவிஞ்சா போச்சு? கட்டினதை எதுக்குடி அவுத்தே?"

"நனைஞ்ச கோட்டைக் கழட்டிக் கட்டில்ல காயப்போட்டேன், அப்பவும் ஆலங்கட்டி உள்ள விழுந்துச்சுக்கா. தரையெல்லாம் நனைஞ்சுது. பாவம் உங்க வீடு, மறந்து திறந்து போட்டுட்டீங்களோன்னு மூடினேன்." மூக்கை உறிஞ்சினாள். "பெருக்கிக்கூட வச்சேன்."

பார்த்தேன். ஒரு மூலையில் துடைப்பம் சாத்தியிருந்தது. அதற்குமேல் என்னால் திட்ட முடியவில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேன், ஈரத் துணியோடு, சொட்டச் சொட்ட. நான் சாகாமல் வந்தது பெரிதா, அவள் சாகாமல் நின்றது பெரிதா என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

"நீங்க மாவு பிசைஞ்சு சாப்பிட்டீங்களே, அதைப் பார்த்துத்தான் திறந்தேன். ஆபத்து இருந்தா அக்கா இப்படி சாவகாசமா சாப்பிடுவாங்களான்னு நெனச்சேன்," என்றாள்.

நான் எழுந்து பானையை நிமிர்த்தினேன்.

ஆறு இறங்க விடியவேண்டும். அதுவரை இருவரும் அங்கேதான். பானையையும் தரையையும் ஆற்றுமணல் போட்டுத் தேய்த்துக் கழுவினோம், கஞ்சி வாடை போகிறவரை. வறட்டி நிறைய எரித்து என் துணியைக் காயவைத்தேன். கட்டிலை நிமிர்த்திப் போட்டேன். கதவை மறுபடி முழுக்கத் திறந்து முளையோடு கட்டினேன். வெளியே வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மலைச் சரிவில் கல்லும் புதரும் ஒரே நிறமாயின. எது கல், எது கல் இல்லை என்று சொல்ல முடியவில்லை.

எத்தனையோ கோடைகள் இந்தக் கதவைக் கட்டி வைத்துவிட்டு நான் மேலே ஏறியிருக்கிறேன். திறந்து போட்டுவிட்டுப் போகத்தான் எனக்குத் தெரியும். திறந்து போட்டுவிட்டு உள்ளே படுத்ததில்லை. அந்த வாசல் அவ்வளவு பெரிதென்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு யாக்கே நுழைந்துவிடலாம். முதுகைச் சுவரில் வைத்துக்கொண்டு எத்தனை நேரம் பார்த்துக்கொண்டிருப்பது? ராப்ஜேவின் கன்னம் கண்முன் வந்து நின்றது. ஒரு தடவை மட்டும், இந்த ஒரு ராத்திரிக்கு மட்டும் என்று மனசு கெஞ்சியது. எழுந்துபோய்க் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். முடிச்சு கைக்குச் சிக்காமல் நழுவிக்கொண்டே இருந்தது.

"அக்கா."

படுத்த இடத்திலிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள், அது ஆடுவதைப் பார்த்தாள். ஆற்றங்கரையில் நான் மறைத்ததெல்லாம் அவளுக்கு அப்போது புரிந்திருக்கவேண்டும். முகம் ஒரு கணம் வெளுத்தது.

பிறகு உள்ளங்கையைக் கீழே அழுத்திக் காட்டினாள். "திறந்தே இருக்கட்டும்க்கா. வந்து படுங்க."

வந்து அவள் பக்கத்தில் படுத்தேன். என் அங்கியின் ஓரத்தை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, கொஞ்ச நேரத்தில் மூன்று பூட்டுக்காரி தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை. வெளியே குதிரை புல் மெல்லும் ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து உட்கார்ந்துகொண்டு, விடிகிறவரை அந்த வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.